வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. கணவர் திருமங்கலத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வரும் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பது என்று முடிவே செய்துவிட்டார். இதுவரை வார்டு தேர்தலில்கூட நின்றதில்லை. "முப்பது லட்சம் இருந்தால் ஒரு கை பார்த்துவிடலாம்" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். அப்பா கொடுத்த இடத்தில் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. அதை வங்கியில் வைத்து 20 லட்சம் வாங்கலாம் என்று கேட்கிறார். எங்களிடம் வங்கி டெபாசிட் 9 லட்சம், நகை 45 பவுன். அவருடைய ஏலச்சீட்டு 5 லட்சம் அடுத்த மாதம் கைக்கு வரும். கடைக்கு 12 லட்சம் ஓ.டி. (வங்கி ஓவர்டிராஃப்ட்) இருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கையெழுத்துப் போடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: டீச்சர், போடாதீர்கள்.

அவர் நிற்கட்டும், அதற்கு நான் குறுக்கே வரவில்லை. 25 வயது நிரம்பி, மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் ஓட்டு இருந்து, போட்டியிடும் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிந்தால் சுயேச்சையாக மனு போடலாம். ஆனால் அவரோடு சேர்ந்து வீடும் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை.

முதலில் அந்த முப்பது லட்சம். சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2020ல் 30.8 லட்சமாக இருந்தது, 2022 ஜனவரியில் 40 லட்சம் ஆனது. பழைய எண் யாரோ ஒருவர் வாயில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எப்படியானாலும் அது இதற்கு மேல் போகாதே என்று போட்ட கோடு. இவ்வளவு செலவழித்தால் ஜெயிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் எழுதிக் கொடுத்த பட்ஜெட் இல்லை.

வங்கிக்குப் போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். "கடன் எதற்கு?" என்ற கட்டத்தில் "தேர்தல் செலவு" என்று எழுதினால் மேனேஜர் சிரித்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அதனால் "கடை விரிவாக்கம்" என்று எழுதச் சொல்வார்கள். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களும் கடன்தாரர். அந்தப் பொய்யில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். அப்புறம் 60 நாள் நோட்டீஸ். அதற்கு மேல் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டை எடுக்கலாம். கடைக்கென்று வாங்கி பிரசாரத்துக்குப் போன பணத்தின் வட்டியைக் கடைச் செலவாகவும் காட்ட முடியாது.

சரி, பணம் எங்கே போகும்? வாக்குப்பதிவு நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். தொகுதியில் 300 பூத் என்று வையுங்கள். பூத்துக்கு ஒரு ஏஜென்ட். காலையில் பொங்கலும் வடையும், மதியம் ஒரு பொட்டலம், இரண்டு வேளை டீ, கையில் ஐந்நூறு ரூபாய். ஆளுக்கு 800 என்றாலும் 2,40,000. ஒரே நாளில்! இன்னும் ஆட்டோ, மைக் செட், நோட்டீஸ், போஸ்டர் எதையும் நான் தொடவே இல்லை. சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவது மனு வாபஸ் முடிந்த பிறகுதான். அதிலிருந்து ஓட்டுப்பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் அச்சகத்தில் போய் நின்றால் அச்சகக்காரர் சொன்னதுதான் விலை. நம் மதுரைப் பக்கம் போஸ்டர் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காது, அது வேறு கதை. ஆனால் தேர்தல் போஸ்டரில் அச்சடித்தவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போய் வழக்கு வாங்கியவர்கள் உண்டு.

மனு போடுவதற்கு முன்பே போகிற பணம் இன்னொன்று. மனுத் தாக்கல் அன்றிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைதான் ஆணையத்தின் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். "அண்ணன் நிற்கப்போறாராம்" என்று பேச்சு வந்த நாளிலிருந்து கபடிப் போட்டிக்குக் கோப்பை, கோயில் அன்னதானத்துக்கு அரிசி, ஒவ்வொரு துட்டி வீட்டுக்கும் மாலை. மொய் நோட்டில் 500 எழுதியவர் 2,000 எழுத வேண்டும். போன ஆறு மாதத்தில் இப்படி எவ்வளவு போயிருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரி அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சண்டை வேண்டாம், எழுதினால் போதும். தொகை அவரையே யோசிக்க வைக்கும்.

என் மாமா ஒருவர் வாடிப்பட்டிப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். ஆரம்பத்தில் கணக்குப் பார்த்துத்தான் செலவழித்தார். கடைசி வாரம்தான் கெட்டது. "இன்னும் கொஞ்சம் இறக்கினால் வந்துடும்ணே" என்றார்கள். எதிர்த் தரப்பு எவ்வளவு இறக்குகிறது என்று மணிக்கொரு தகவல். மூன்று வட்டிக்குப் பணத்தோடு ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். தோற்றார். பெரியாறு பாசனத்தில் இரண்டு போகம் விளைந்த எண்பது சென்ட் நஞ்சை அந்த வட்டிக்கே போனது. அசலை அடைக்க அத்தையின் நகை. இன்றும் அந்த வயலைத் தாண்டும்போது அத்தை பஸ் ஜன்னலுக்கு மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்தக் கடைசி வாரத்தில் ஆளைத் தள்ளுவது ஜெயிக்கும் ஆசையைவிட டெபாசிட் போய்விடுமே என்ற மானப் பிரச்சினைதான். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். இரண்டு லட்சம் ஓட்டு விழுந்தால் 33,334. முதல்முறை நிற்கும் சுயேச்சைக்கு அது மலை. வாங்காவிட்டால் போவது 10,000 ரூபாய் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000). பத்தாயிரத்தைக் காப்பாற்ற ஐந்து லட்சம் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வட்டிக்கு ஐந்து லட்சம் என்றால் மாதம் 15,000 வட்டி மட்டும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் ஃபார்முலா" என்று நம் ஊர்ப் பெயரிலேயே, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு ஒரு சொல் உண்டாகிவிட்டது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம், ஜெயித்தாலும் பதவி போகும். அது ஒருபுறம் இருக்கட்டும். டைல்ஸ் கடைக்காரர் அந்த விளையாட்டில் உட்கார்ந்தால் முதல் சுற்றிலேயே எழுந்துவிட வேண்டியதுதான்.

ஜெயித்துவிட்டால் சம்பளத்தில் அடைத்துவிடலாமே என்பார். எம்.எல்.ஏ. சம்பளம் 2017ல் 55,000லிருந்து 1,05,000 ஆனது. அந்தக் கணக்கில் ஐந்து வருடத்துக்கு 63 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எம்.எல்.ஏ. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

இப்போது என் கணக்கு. சீட்டுப் பணம் 5 லட்சம், டெபாசிட்டிலிருந்து 1 லட்சம். ஆக 6 லட்சம். கொளுத்திவிட்ட வாணவேடிக்கை மாதிரி இது திரும்பி வராது என்று இருவரும் ஒப்புக்கொண்டு கொடுங்கள். மீதி 8 லட்சம் மகளின் கல்லூரிக்கு. அதை அவள் பெயரையும் சேர்த்துப் புது டெபாசிட்டாகப் போட்டுவிடுங்கள். நகை லாக்கரிலேயே இருக்கட்டும். ஓ.டி.யில் கை வைக்கவே கூடாது. பிரசாரத்தில் அவர் இல்லாத நாட்களில் கடை வியாபாரம் எப்படியும் படுக்கும், சரக்குக்காரருக்குப் பணம் கொடுக்க அந்த ஓ.டி. தேவைப்படும். ஆறு லட்சத்தில் 300 பூத்துக்கும் ஆள் போட முடியாதுதான். கடைக்குப் பழக்கமான ஊர்களில் 150 பூத் போதும் என்று முடிவு செய்யட்டும்.

நண்பர்கள் கொடுக்கும் பணத்திலும் கவனம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் மொத்தம் 50,000க்கு மேல் வந்தால் வரி கேள்வி எழும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நீங்கள் கணவருக்குக் கொடுப்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் கிடைக்கும் வரிச்சலுகை வேட்பாளருக்குக் கொடுப்பதற்குக் கிடையாது. கடனாகக் கொடுக்கிறேன் என்று யாராவது 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக நீட்டினால் வாங்கவே கூடாது, வாங்கிய அளவுக்கே அபராதம் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் வேலை. அரசு ஊழியர் தேர்தல் ஏஜென்டாகவோ, பூத் ஏஜென்டாகவோ, எண்ணிக்கை ஏஜென்டாகவோ இருப்பது தண்டனைக்குரிய குற்றம். ஓட்டுக் கேட்டுத் தெருவில் இறங்கினால் அரசு ஊழியர் நடத்தை விதி இருக்கிறது. "டீச்சர் ஆரத்தி மட்டும் எடுங்க" என்பார்கள், வீடியோவும் எடுப்பார்கள். இந்த வீட்டில் மாதம் தவறாமல் வருவது உங்கள் சம்பளம் ஒன்றுதான். அப்புறம், வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26ல் மனைவியின் சொத்தும் வர வேண்டும். உங்கள் 45 பவுன், அதாவது 360 கிராம், வீடு, கடன், ஐந்து வருட வருமான வரிக் கணக்கு எல்லாம். அதை ஆணையம் இணையத்தில் போட்டுவிடும். உங்கள் ஸ்டாஃப் ரூமில் அடுத்த நாளே போனில் பார்த்துவிடுவார்கள். கணக்கில் காட்டாத எதுவும் இருந்தால் மனு போடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

மனு போடுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பு தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். அந்த 6 லட்சத்தை அதில் போடுங்கள், எல்லாச் செலவும் அதிலிருந்துதான். ஒரே ஆளுக்கு மொத்தம் 10,000க்கு மேல் ரொக்கம் கூடாது. டீ, பிரியாணி, நாற்காலி, பந்தல் எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் ரேட் பட்டியல் வைத்திருக்கும். ஆணையத்தின் பார்வையாளர் தரப்பில் ஒரு நிழல் பதிவேடு ஓடும். நீங்கள் எழுத மறந்த நூறு நாற்காலியை அவர்கள் எழுதியிருப்பார்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது கடைக் கலெக்‌ஷனை வங்கிக்குக் கொண்டுபோகும் பையனிடமும் பில்லும் பேங்க் சலானும் இருக்கட்டும். 50,000க்கு மேல் ஆவணம் இல்லாமல் இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும்.

தோற்றவர்கள் பலர் கோட்டை விடுவது முடிவு வந்த பிறகுதான். மனசு விட்டுப்போய், தாங்கள் செலவு எழுதிய பதிவேட்டை அப்படியே பரண்மேல் போட்டுவிடுவார்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தகுதி போய்விடும். ஜெயித்தாலும் தோற்றாலும் இதே விதி. கடையில் பில் போடும் பையனிடமே இந்த வேலையையும் முதல் நாளிலிருந்து கொடுத்துவிடுங்கள். கணக்கு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை மட்டும் நீங்கள் வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.