மழைக்காட்டுக்குப் பள்ளிப் பயணம்: மகளை அனுப்பலாமா?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் மகளை வால்பாறை மழைக்காட்டுக்கு இரண்டு நாள் அறிவியல், சாகசப் பயணம் அழைத்துப் போகிறார்களாம். நம்பி அனுப்பலாமா?

அனுப்புங்கள். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றிருப்பார், மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். உயிரியல் ஆசிரியராக இருந்தபோது 26 பேரை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன்.

போனது ஜூலையில். "கொட்டும் மழையில் பொறுப்புள்ளவன் போவானா?" என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தேதியைக் குறித்தது நான் அல்ல. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் ஏறுவதற்குள் கொண்டுபோன வாந்திப் பைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டு ஒன்றில், அனுமதி வாங்கி, காலையில் இறங்கினோம். தலைக்கு மேலே வெடிப்பலா மரத்தில் சோலைமந்திகள். முள்பந்து போன்ற காயைப் பிய்த்து விதையைத் தின்றுவிட்டு ஓட்டை எங்கள் பக்கமே போட்டன. கீழே, ஒரு மீட்டர் சதுரத்துக்கு நூல் கட்டி, சருகுக்குள் இருக்கும் உயிர்களை எண்ணச் சொல்லியிருந்தேன்.

ஒரு மாணவி மட்டும் எண்ணவில்லை. நூல் முடிச்சில் ஓர் அட்டை ஏறி நின்று, முன்பாதியைத் தூக்கிக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்கமிருந்து ஊதினாள். அது இடப்பக்கம் வளைந்தது. வலப்பக்கம் போய் ஊதினாள்; அங்கே திரும்பியது. பிறகு காலித் தண்ணீர் பாட்டிலை அமுக்கி வெறுங்காற்றை அடித்துப் பார்த்தாள். அட்டை சுருங்கியதே தவிர, வரவில்லை. "விளையாடாதே, எண்ணு" என்று அதட்டினேன். அட்டை நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் கொண்டுதான் நம்மைத் தேடி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதை அவள் தானாகவே சோதித்துக்கொண்டிருக்கிறாள் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. செய்முறை ஏட்டில் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன். ஆசிரியர்களுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

அட்டைக் கடிக்குப் பயப்படாதீர்கள். வலிக்காது, இரத்தம் உறையாமலிருக்க அது எதையோ சுரந்துவிடுவதால் நெடுநேரம் கசியும், அவ்வளவுதான். நான் மருத்துவன் அல்ல. மகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. முதல் நாள் இரவு, தங்கியிருந்த விடுதிக்குக் கீழே கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். கைப்பேசியில் அழைத்தே அதை எரியவிடுகிறார்கள். வெளியே தீமூட்டிப் பாட்டுப் போடும் நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னேன். "அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருக்கிறோம், சார்" என்றார் பயண ஏற்பாட்டாளர். கால்மணி நேரம் வாக்குவாதம். பிள்ளைகளும் அவர் பக்கம்தான். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனவே பள்ளியில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் கூடப் போகும் ஆசிரியருக்கா, ஏற்பாட்டாளருக்கா? பதில் சொல்லத் திணறினால் அனுப்பாதீர்கள்.

அட்டை ஏறாமலிருக்கப் போடும் காலுறையைப் பள்ளி தருமென்று நம்பாமல் நீங்களே வாங்கிக் கொடுங்கள். நான் கைக்காசு போட்டு 26 ஜோடி வாங்கிய பில் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. "காலுறை சுற்றுலாக் கணக்கில் வராது, சீருடைக் கணக்கில் கேளுங்கள்" என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். சீருடைக் கணக்குப் பார்ப்பவர் பில்லை இரண்டு முறை படித்துவிட்டு, வெள்ளைக் காலுறையாக இருந்தால்தான் பணம் தர முடியும் என்றார்.