டைம் டிராக்கிங்கா, ரிசோர்ஸ் பிளானிங்கா: 18 பேர் குழுவுக்கு எதை முதலில் வாங்குவது?

கேட்டவர் சொல்லும் நிலவரம் இது: 18 பேர் கொண்ட சாஃப்ட்வேர் சர்வீஸ் குழு. ஒரே சமயத்தில் ஏழு கிளையன்ட் வேலைகள் ஓடுகின்றன. எந்த டெலிவரியும் சொன்ன தேதிக்குப் போவதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டும் பட்ஜெட் ஒரு மென்பொருளுக்குத்தான் இருக்கிறது. எதை எடுப்பது?

நான் பதினான்கு வருடமாகக் கோவையில் டெலிவரிப் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். இரண்டையும் வாங்கியிருக்கிறேன், தப்பான வரிசையிலும் வாங்கியிருக்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்குப் பிளானிங் மென்பொருளுக்குக் காசு கட்ட மாட்டேன். ஆறு வாரம் டைம்ஷீட் (யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதும் தாள்) ஓட்டிவிட்டு அப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

டைம் டிராக்கிங் கணக்குப்பிள்ளை வேலை. போன வாரம் யார், எதற்கு, எத்தனை மணி நேரம் செலவழித்தார் என்று எழுதி வைக்கும். ரிசோர்ஸ் பிளானிங் கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் பிரிப்பது மாதிரி. எந்த வரிசைக்கு யார் பரிமாறுவது என்று இலை போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒன்று நடந்ததைப் பார்க்கிறது, இன்னொன்று நடக்கப்போவதை. எத்தனை பேர் வருவார்கள், ஒரு பந்தி எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரியாமல் ஆள் பிரித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதைத்தான் நாங்கள் செய்தோம்.

முன்பு நான் இருந்த நிறுவனத்தில் முதலில் வாங்கியது பிளானிங் மென்பொருள். பார்க்க அழகாக இருந்தது. இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், நடுவில் பிராஜெக்ட்டுக்கு ஒரு நிறம். ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக் கட்டம் கட்டமாக நிரப்பினோம். யாருக்கும் அதிகப்படியான வேலை இல்லை, யாரும் சும்மாவும் இல்லை. போர்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவது வாரத்திலேயே இரண்டு டெலிவரி தவறிப்போனது. போர்டில் மட்டும் எந்தக் கோளாறும் தெரியவில்லை!

அந்தக் குழப்பத்தில்தான் பத்துப் பேரைக் கொண்ட ஒரு குழுவை மட்டும் ஒரு மாதம் டைம்ஷீட் எழுதச் சொன்னோம். பிராஜெக்ட் வேலைக்கென்று சராசரியாகப் போனது நாளைக்கு ஐந்தரை மணி நேரம். மிச்சம் இரண்டரை மணி நேரம் எங்கே போயிருந்தது தெரியுமா? பழைய கிளையன்ட் போன் செய்து கேட்கும் சின்னச் சின்னத் திருத்தங்கள், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, இன்டர்வியூ எடுப்பது, அடுத்தவர் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும் ரிவ்யூ, மீட்டிங். யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. எல்லாமே செய்தே ஆக வேண்டிய வேலை, ஆனால் எந்தப் பிளானிலும் அதற்கு இடம் இல்லை. பத்துப் பேருக்கு இரண்டரை மணி நேரம், மாதம் 22 நாள் என்று கணக்குப் போட்டால் 550 மணி நேரம். மூன்று பேர் முழு மாதம் உழைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த மூன்று பேர் இருப்பதாக நினைத்துத்தான் நாங்கள் கிளையன்ட்டுக்குத் தேதி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. டைம்ஷீட் சுலபமாகப் பொய் சொல்லும். முதல் வாரம் எங்கள் டெவலப்பர் ஒருவருடைய ஷீட்டைத் திறந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மொத்தமாக நிரப்பியிருக்கிறார். தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "ஆறு மணி நேரம்னு போட்டா, மீதி ரெண்டு மணி நேரம் என்ன பண்ணேன்னு கேப்பாங்களேங்ணா" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இது எதற்கு என்று நாங்கள்தான் சொல்லாமல் விட்டிருந்தோம். அடுத்த நாளே குழுவைக் கூப்பிட்டு, இந்தக் கணக்கு அப்ரைசலுக்குப் போகாது, எஸ்டிமேட் போடுவதற்கு மட்டும்தான் என்று சொன்னோம். சொன்னபடியே நடந்தும் காட்டினோம். இரண்டாவது வாரத்திலிருந்துதான் நிஜ எண்கள் வர ஆரம்பித்தன. சில மென்பொருட்களில் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும் வசதி இருக்கிறது. தயவுசெய்து அதைப் போடாதீர்கள். வேவு பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஆட்கள் மவுஸை ஆட்டிக்கொண்டு உட்காருவார்கள். உங்களுக்குக் கிடைக்கும் எண் எதற்கும் உதவாது. அதைவிட, உங்களை நம்பி வேலைக்கு வந்தவர்களிடம் அப்படி நடந்துகொள்வது சரியே இல்லை.

இன்னொரு விஷயம், வேலை வகைகள். நாங்கள் முதலில் அறுபதுக்கும் மேல் வகைகள் போட்டோம். யூஐ திருத்தம், ஏபிஐ திருத்தம், டேட்டாபேஸ் திருத்தம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. ஆட்கள் பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு "மற்றவை" என்பதில் போட்டுவிட்டுப் போனார்கள். மாதக் கடைசியில் பாதி நேரம் "மற்றவை"யில் இருந்தது. பிறகு ஒரு பிராஜெக்ட்டுக்குப் புது வேலை, பிழை திருத்தம், மீட்டிங் என்று மூன்று வைத்தோம். பிராஜெக்ட்டுக்கு வெளியே பழைய கிளையன்ட் சப்போர்ட், உள்வேலை என்று இரண்டு. அது போதுமானதாக இருந்தது. மதியம் சாப்பிடப் போகும் முன் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை எழுதினால் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

சரி, பிளானிங் மென்பொருள் முதலில் தேவைப்படும் குழுக்களும் உண்டு. திங்கட்கிழமை காலையில் டெஸ்டிங் செய்யும் பெண் வந்து, "இந்த வாரம் நான் யாருக்குங்ணா வேலை செய்யறது? ரெண்டு பேரும் எனக்குத்தான்னு சொல்றாங்க" என்று கேட்கிறாரா? ஒரே டிசைனரை மூன்று பிராஜெக்ட் மேனேஜர்கள் ஒரே வாரத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்களா? அப்படியானால் உங்கள் சிக்கல் மணிக்கணக்கு இல்லை, ஆள் மோதல். அதற்கு டைம்ஷீட் ஒன்றும் செய்யாது. மோதல் நடந்து முடிந்த பிறகுதான் அதில் தெரியும். ஆனால் 18 பேர் என்றால் அதற்கும் முதலில் ஒரு கூகுள் ஷீட் போதும். வரிசையில் பெயர், பத்தியில் வாரம், கட்டத்தில் பிராஜெக்ட்டும் எத்தனை நாள் என்பதும். திங்கள் காலை இருபது நிமிடம் மேனேஜர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்யுங்கள். அந்த இருபது நிமிடம் உட்காரும் பழக்கம் வராத குழு எவ்வளவு நல்ல மென்பொருள் வாங்கினாலும் இரண்டே மாதத்தில் போர்டு பழசாகிவிடும்.

மென்பொருள் பெயர்கள் வேண்டுமென்றால்: நேரம் எழுத மட்டும் என்றால் டாகுள் டிராக், கிளாக்கிஃபை. இரண்டும் பழகச் சுலபம். எழுதிய நேரத்திலிருந்தே கிளையன்ட்டுக்கு இன்வாய்ஸ் போட வேண்டுமானால் ஹார்வெஸ்ட். சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள ஆள் இருந்தால் கிமாய் பாருங்கள், அது ஓப்பன் சோர்ஸ். பிளானிங் பக்கம் ஃப்ளோட், ரிசோர்ஸ் குரு. ரிசோர்ஸ் குருவில் ஒருவரை ஏற்கெனவே நிரம்பிய நாளில் போட்டால் மோதல் என்று காட்டி, காத்திருப்புப் பட்டியலில் வைக்கவா என்று கேட்கும். திங்கள் காலைச் சண்டைக்கு அது நல்ல மருந்து. ஃப்ளோட்டில் நீங்கள் போட்ட பிளானே டைம்ஷீட்டில் முன்கூட்டி நிரம்பி வரும், ஆட்கள் திருத்தினால் போதும். வசதிதான், ஆனால் ஆரம்பத்தில் இந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள். திருத்தாமல் அப்படியே ஒப்புக்கொண்டு போவார்கள், பிளான் போட்டதே நடந்தது போலத் தெரியும். வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் ஜிராவில் ஏற்கெனவே வேலை செய்கிறீர்கள் என்றால், அதோடு சேர்த்துப் போடும் டெம்போவில் இரண்டுமே கிடைக்கும். ஜோஹோ புராஜெக்ட்ஸ் வைத்திருந்தால் டைம்ஷீட் உள்ளேயே இருக்கிறது, தனியாக ஒன்று வாங்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். ஒரே மென்பொருளில் இரண்டும் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க மட்டும் வேண்டாம். ஒரு பழக்கம் உட்கார்ந்த பிறகு அடுத்தது.

ஆறு வாரம் முடிந்ததும் கையில் ஒரு எண் இருக்கும். ஐந்தரையோ ஆறோ, உங்கள் குழுவுக்கு என்ன வருகிறதோ அது. பிளானிங் போர்டில் ஆளுக்கு எட்டு மணி நேரத்துக்குப் பதில் அதைப் போடுங்கள். சீனியர்களுக்குத் தனியாகக் குறைத்துப் போடுங்கள், அவர்களுடைய நேரம்தான் ரிவ்யூவிலும் மற்றவர்களின் சந்தேகங்களிலும் அதிகம் போகும். எந்தப் பிராஜெக்ட்டையும் போடும் முன் லீவுகளைப் போட்டுவிடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் வெளியூர்க்காரர்கள் இரண்டு நாள் முன்பே கிளம்பிவிடுவார்கள், அதையும் சேர்த்து. நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்குப் புது வேலை எழுதாதீர்கள், கையில் இருப்பதை ஒப்படைக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். அப்புறம், பல பிராஜெக்ட்டுக்குப் பொதுவாக இருக்கும் டெஸ்டர், டிசைனர் இவர்களுடைய வரிசைகளை முதலில் நிரப்பிவிட்டு மற்றவர்களுக்கு வாருங்கள். உங்கள் 18 பேரில் அப்படி மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். உங்கள் டெலிவரி தேதியெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.