வெர்டன்ட் என்றால் வெறும் பச்சை நிறமா?

‘பச்சைச் சட்டை’ என்பதற்கு ஆங்கிலத்தில் வெர்டன்ட் (verdant) ஷர்ட் என்று எழுதியதைத் தவறென்று அடித்துவிட்டார்கள், அகராதியில் பச்சை என்றுதானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அகராதி சொல்வது பாதிதான். லத்தீனில் பச்சையைக் குறிக்கும் விரிடிஸ் என்ற சொல்லின் வழி வந்தது இது. ஆனால் ஆங்கிலத்தில் புல்லும் செடியும் மூடிய நிலத்துக்குத்தான் பெரும்பாலும் வரும்: வெர்டன்ட் ஹில்ஸ் (மலைகள்), வெர்டன்ட் வேலி (பள்ளத்தாக்கு).

தமிழில் யோசித்தால் சட்டென்று பிடிபடும். பச்சைச் சட்டை என்போம். பசுமையான சட்டை என்று யாரும் சொல்வதில்லை. வயலுக்குத்தான் பசுமை. அந்தப் பசுமைதான் வெர்டன்ட். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. சட்டைக்கு கிரீன் போதும்.

அப்புறம், லஷ் என்ற சொல்லோடு குழப்பம் என்றீர்கள். லஷ் செழித்து அடர்ந்த வளர்ச்சியைச் சொல்லும், வெர்டன்ட் கண்ணில் படும் பசுமையைச் சொல்லும். பல இடங்களில் இரண்டுமே பொருந்தும். ஆனால் வெர்டன்ட் கொஞ்சம் இலக்கிய வாடை உள்ள சொல். வர்ணனைக் கட்டுரையில் தாராளமாக எழுதுங்கள், சாதாரணப் பேச்சில் கிரீன் அல்லது லஷ் என்பதே இயல்பாக இருக்கும்.