ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரே நாள்: ட்ரியர் ஊரா, கோகெம் ஊரா?

கோட்டையும் படகுமாகப் படம் எடுக்க ஆசையென்றால் கோகெம். என் ஓட்டு ட்ரியருக்குத்தான். கி.பி. 170 வாக்கில் ரோமானியர் எழுப்பிய போர்ட்டா நீக்ரா வாயிலின் கற்களைச் சாந்து பூசி ஒட்டவில்லை. இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். பிற்காலத்தவர் அந்த இரும்புக்காகக் குடைந்த பொத்தல்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். அங்குள்ள ரைன்லாந்து அருங்காட்சியகத்தில், மதுப் பீப்பாய்களைச் சுமந்துசெல்லும் ரோமானியக் கல்படகையும் பாருங்கள்.

மாலையில் கோப்லென்ஸ் ரயிலில் ஏறுங்கள். வழியில் வெகுதூரம் ஆறே தெரியாது; புல்லாய் என்ற ஊர் வந்ததும்தான் கண்ணுக்கு விருந்து. அடுத்து பிரெம் அருகே 65 பாகைவரை சரியும் கால்மோன்ட் திராட்சைத் தோட்டம். பகல் வெயிலைப் பலகைக்கல் மண் பிடித்துவைத்து இரவில் விடுவதால்தான் இந்தக் குளிரிலும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை பழுக்கிறது.

இன்னொரு மோசல் ஊரான பெர்ன்காஸ்டலுக்கு ரயில் இல்லை. விட்லிக்கில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் அதையும் சேர்க்காதீர்கள்.