மென்பொருள் தயார், இனி?

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் விருந்தினர் விடுதிகளுக்கான புக்கிங் மென்பொருள் ஒன்றை எழுதி முடித்திருக்கிறோம். வேலையை விட்டு, வங்கிக் கடன் எடுத்து, திருகோணமலை டவுனில் அலுவலகம் போடலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கடன் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம், வேலையையும் இப்போதைக்கு விடாதீர்கள். இதற்கு எந்த விடுதிக்காரராவது காசு தந்தாரா என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, எனக்கு அதுதான் கவலை.

நிலாவெளியில் ஐந்தாறு அறை வைத்திருப்பவரின் தலையிடி எது? ஏர்பிஎன்பி என்ற அறைப் பதிவுத் தளத்தில் ஒருவர், வட்ஸ்அப்பில் ஒருவர், நேரில் வந்து கொப்பியில் பெயர் எழுதிவிட்டுப் போனவர் ஒருவர் என்று ஒரே அறை ஒரே இரவுக்கு இரண்டு பேருக்குப் போய்விடுவதுதான். ஏர்பிஎன்பியின் பதிவு நாட்காட்டியை வேறு மென்பொருளோடு சேர்க்கும் ஐகால் இணைப்பு சில மணி நேரம் பிந்தலாம், ஆனால் பதிவு உறுதியானதும் மின்னஞ்சல் வந்துவிடும். மென்பொருள் அதைப் படித்து, அந்த இரவுக்கு அந்த அறையை வேறு யாரும் பதியாதபடி உடனே மூடும் வேலையை மட்டும் பிழையில்லாமல் செய்துவிடுங்கள், சம்பளப் பட்டியல், சமையலறைக் கணக்கெல்லாம் அப்புறம்.

விற்பதற்கும் காலம் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அவர்களுக்கு நிற்க நேரமில்லை, அப்போது டெமோ காட்டப் போகாதீர்கள். மாரியில், அறைகள் காலியாகக் கிடக்கும்போது போய் ஆறுதலாக இருந்து கதையுங்கள். இலவசமாகக் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் காசு கொடுத்தவர்தான் குறை இருந்தால் போன் எடுத்துச் சொல்வார். ஆனால் மாதக் கட்டணம் என்றால் ஒக்டோபரில் நிறுத்திவிடுவார்கள், அதனால் மாரியில் சின்ன முற்பணம், மிச்சம் ஜூனில் என்று சீசன் கட்டணமாகப் பேசுங்கள்.

வளர்ச்சி என்றதும் எல்லோரும் அறுகம்பேயைத்தான் யோசிப்பார்கள், அங்கேயும் இதே சீசன்தானே! தெற்கே உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம், அங்கே காலூன்றினால் வருடம் முழுக்க வருமானம் வரும். அதற்கு மென்பொருளில் சிங்கள மொழித் திரையும், சிங்களத்தில் சரளமாகப் பேசி விற்கக்கூடிய ஒரு பங்காளியும் கட்டாயம் வேண்டும்.

வெளி முதலீடு இல்லாமல் முடியுமா என்று பயப்படாதீர்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய இன்றைய ஸோஹோ மென்பொருள் நிறுவனம், வாடிக்கையாளர் தந்த பணத்தில்தான் வளர்ந்தது.

பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதியுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் கோட் யாருக்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வையுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள், வேலையின் பகுதியாக எழுதிய கோட் பொதுவாக முதலாளிக்குத்தான் சொந்தம்.