இடத்துக்கு விலை கேட்டால் வாடகைக்குக் கணக்குச் சொல்கிறார்கள்

கேள்வி: மும்பை பாண்டுப்பில் தாத்தா 1950களில் வாங்கிப் போட்ட இடம். இப்போது அதில் 40 குடிசைகள். ஆளுக்கு மாதம் 20 ரூபாய் இடவாடகை, பல வருடமாக ஏறவே இல்லை. நிலத்தை ஏன் கையகப்படுத்தக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. விசாரித்தால் 30 ஆயிரம்கூடத் தேறாது என்கிறார்கள். வந்ததை வாங்கிக்கொண்டு தலைமுழுகிவிடலாம் என்கிறார் அண்ணன். இது நியாயமா ஐயா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: அண்ணனை ஒரு மாதம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் சொன்ன கணக்கு சரிதான். மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் 1971-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு நிலத்தின் விலையைப் பார்ப்பதே இல்லை, ஐந்து வருட வாடகையைத்தான் பார்க்கிறது. உங்களுக்கு மாதம் 800 ரூபாய், ஐந்து வருடத்துக்கு 48,000. அதில் வரி, வசூல் செலவு, பராமரிப்பு என்று 40 சதவீதம் கழிப்பார்கள். மிச்சம் 28,800. பாண்டுப்பில் அந்தக் காசுக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது. இதே நிலத்தை 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி எடுத்தால் சந்தை மதிப்பும், அதே அளவு ஆறுதல் தொகையும் தரவேண்டும்.

நியாயமா என்றால், இல்லை. அதற்காக முழு விலையும் உங்களுக்கே சேரவேண்டும் என்றும் சொல்லமாட்டேன். மாதாமாதம் ரசீது கிழித்த தாத்தா அங்கே ஒரு தண்ணீர்க் குழாயாவது போட்டாரா? இம்மாதிரி இடங்களில் குழாய், கரண்ட், சாக்கடை எல்லாம் அந்த ஜனங்கள் கார்ப்பரேட்டர் (மாநகராட்சி கவுன்சிலர்) வீட்டு வாசலில் நின்று வாங்கியதாகத்தான் இருக்கும்.

சரி, வழி என்ன? தொகையைக் கூட்டிக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். வாடகையை வைத்து எத்தனை முறை பெருக்கினாலும் சில்லறைதான் வரும். கையகப்படுத்துவதையே எதிர்த்துக் கேளுங்கள். குடிசைப் பகுதியைச் சீரமைக்கும் முதல் உரிமை நில உரிமையாளருக்குத்தான். அவரை முறையாக அழைத்து, நியாயமான அவகாசம் கொடுத்து, அவர் முன்வராவிட்டால்தான் அரசு நிலத்தை எடுக்கலாம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இலேயே இதைச் சொல்லிவிட்டது. பாந்த்ரா மவுண்ட் மேரி தேவாலயத்தின் நில வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆகவே நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்: "நாங்களே மறுவாழ்வுத் திட்டம் கொண்டுவருகிறோம், நிலத்தை எடுக்காதீர்கள்." கெடு தேதிக்குள் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. ஆனால் எழுதிவிட்டுத் தூத்துக்குடியில் உட்கார்ந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும், திட்டத்தை உண்மையிலேயே போட வேண்டும்.

கட்டக் கையில் காசு இல்லையே என்பீர்கள். உங்களைப் போன்றவர்கள் செய்வது, பில்டரோடு ஒப்பந்தம் போடுவது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு 300 சதுர அடி வீடு கட்டித் தரவேண்டும், மிச்சக் கட்டுமானத்தை விற்கலாம். அதில்தான் உங்கள் பங்கு இருக்கிறது. யார் நிலத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு பில்டர் வரத்தான் போகிறார், அவரை நீங்கள் பொறுக்கி எடுப்பது நல்லது. வேலை முடியும்வரை அந்த 40 குடும்பங்களுக்கும் வெளியே தங்க வாடகை யார் தருவது, எத்தனை மாதத்துக்கு முன்பணம் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இந்த வாடகை நின்றுபோய் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்த திட்டங்கள் மும்பையில் ஏராளம்.

அப்புறம், பிராபர்ட்டி கார்டில், அதாவது அந்த இடம் யாருடையது என்று காட்டும் அரசுப் பதிவில், இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறதா? அப்படியானால் வாரிசுகள் பெயரை ஏற்றுங்கள். அத்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். கடைசி நேரத்தில் கையெழுத்துக்கு ஓடினால் அவர்கள் கேட்கும் பங்கு இன்னும் கூடும்!