லாரி பட்டறை இருந்த மனை, மண்ணுல டீசல் வாடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடு கட்ட ஒரு மனை வாங்கியிருக்கேன் சார், முன்னாடி அங்க லாரி பட்டறை இருந்துச்சாம். அஸ்திவாரத்துக்குத் தோண்டினா மூணு அடியில மண்ணு கறுப்பா டீசல் வாடையோட வருது. அதை அள்ளி நிழல்ல காயவச்சு, கேரி பேக்ல போட்டு வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் போட்டு ரிப்போர்ட் வந்துச்சு, எண்ணெய் பத்தி ஒரு வரி இல்ல. மண்ணுல பிரச்சனை இல்லன்னு எடுத்துக்கலாமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: எடுத்துக்கக் கூடாதுங்க. அவங்களைக் குறை சொல்லவும் முடியாது, பயிருக்கு என்ன உரம் வேணும்னு பாக்குற லேப் அது, எண்ணெயை அங்க யாரும் தேடவே இல்ல.

நீங்க கேக்க வேண்டியது டிபிஹெச், அதாவது மண்ணுல இருக்குற மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன். மண்ணை ஒரு சால்வென்ட்ல, அதாவது எண்ணெயைக் கரைக்கிற திரவத்துல ஊறவச்சு எண்ணெயைப் பிரிச்சு, அதுல கலந்திருக்கிறதைத் தனித்தனியா காட்டுற கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின்ல விடுவாங்க. கிராஃப்ல பெட்ரோல் முதல்லயே வந்துடும், டீசல் நடுவுல சீப்புப் பல்லு மாதிரி வரிசையா நிக்கும், இன்ஜின் ஆயில் கடைசியில ஒரு மேடா வரும். அதனால நம்பர் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, அந்த கிராஃபையும் கேட்டு வாங்குங்க, என்ன எண்ணெய்னு சொல்றதே அதுதான்.

ஆனா பட்டறைன்னா எனக்கு டீசலை விட கழிவு ஆயிலும் பழைய பேட்டரியும்தான் கவலை. கழிவு ஆயில்ல பிஏஹெச்ங்கிற வகை ரசாயனங்கள் சேர்ந்திருக்கும், அதுல சிலது புற்றுநோய் வரவைக்கும். பேட்டரியில இருந்து ஈயம் இறங்கியிருக்கலாம், மண்ணுல கலந்த ஈயம் வாடையிலயும் தெரியாது நிறத்துலயும் தெரியாது, குழந்தைங்க விளையாடப்போற இடம்னா அதைக் கட்டாயம் பாக்கணும். ஆக டிபிஹெச், பிஏஹெச், ஈயம் மூணும் எழுதிக் குடுங்க. பெட்ரோல் டேங்க்கும் அங்க இருந்திருந்தா பெட்ரோல்ல இருக்குற, சுலபமா ஆவியாகுற பென்சீன் டொலுவீன் வகையறாவுக்கு பிடிஇஎக்ஸ் டெஸ்ட்டும் சேத்துக்கோங்க.

அடுத்தது மண்ணு எடுக்குற விதம், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். உர டெஸ்ட்டுக்கு நாலு இடத்து மண்ணைக் கலந்து நிழல்ல உலத்துவோம்ல, அதை இங்க செஞ்சா ஆவியாகுற சமாச்சாரம் எல்லாம் காத்துல போயிட்டு ரிப்போர்ட் சுத்தமா வரும், பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். வாய் அகலமான கண்ணாடி பாட்டிலை லேப்லயே குடுப்பாங்க, குழியில புதுசா வெட்டின பக்கத்துல இருந்து எடுத்து காலி இடமே இல்லாம அமுக்கி நிரப்பி உடனே மூடி, ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே அனுப்பிடுங்க. கறுப்பு மண்ணுல ஒண்ணு, கறுப்பு முடிஞ்சு அதுக்குக் கீழ ஒண்ணு, வாடையே இல்லாத மூலையில ஒண்ணு, இப்படித் தனித்தனியா எடுத்தாதான் எவ்வளவு ஆழம் தோண்டி அள்ளணும்னு தெரியும்.

லேப்ல என்ஏபிஎல், அதாவது லேப்களுக்குக் குடுக்குற தேசிய அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க, மண்ணுல டிபிஹெச் பாக்குறது அந்த அங்கீகாரப் பட்டியல்ல இருக்கான்னு கேளுங்க. தண்ணிக்கு வாங்கி வச்சிருக்கிற அங்கீகாரம் மண்ணுக்குச் செல்லாது.

கேள்வி: எங்க தோட்டத்து மண்ணுல டிபிஹெச் கிலோவுக்கு 600 மில்லிகிராம்னு வந்திருக்கு. பாஸா ஃபெயிலா?
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: ஒரே நம்பர்ல பாஸ் ஃபெயில் சொல்ல முடியாதும்மா. நெதர்லாந்துல மினரல் ஆயில், அதாவது பெட்ரோலிய எண்ணெய், கிலோவுக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டினா தீவிரமா மாசுபட்ட மண்ணுன்னு கணக்கு, ஆனா 5,000க்குக் கீழ இருந்தா கத்தரிக்கா போடலாம்னு அதுக்கு அர்த்தம் இல்ல. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, தோட்டத்துக்கு தொழுவுரம் நிறைய போட்டிருக்கீங்களா? மக்கின உரத்துல இருக்குற கொழுப்பும் மெழுகும் கூட சால்வென்ட்ல கரைஞ்சு எண்ணெய்க் கணக்குல ஏறிடும். அந்தக் கொழுப்பைப் பிடிச்சு வச்சுக்கிற சிலிக்கா ஜெல்லுல வடிகட்டி திரும்ப பாக்கச் சொல்லுங்க, அப்பவும் அளவு பெருசா இறங்கலைன்னா அது பெட்ரோலியமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்ல உலர் எடைக்கான கணக்கான்னும் பாருங்க, ஈர மண்ணு எடைக்குப் போட்டிருந்தா நம்பர் கொறைச்சலா தெரியும்.

கேள்வி: பக்கத்து பெட்ரோல் பங்க்ல கசிவுன்னாங்க, எங்க வீட்டு மேல் மண்ணுல வாடை இல்ல. விட்டுடலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: மேல் மண்ணை விடுங்க, போர் தண்ணியைப் பாருங்க. 2013ல தண்டையார்பேட்டையில பூமிக்கடியில போன எண்ணெய்க் குழாய் கசிஞ்சப்போ ஜனங்களுக்குத் தெரிஞ்சது போர் தண்ணியில வந்த வாடையிலதான். பெட்ரோல் நிலத்தடித் தண்ணி மட்டம் வரைக்கும் இறங்கி, அது மேல மிதந்துக்கிட்டே நகரும். தண்ணிக்கு பிடிஇஎக்ஸ் டெஸ்ட் குடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம், மோட்டார் ரூம்ல தீக்குச்சியும் உரசாதீங்க.